ரோஜா வாசனையும் உறங்கும் மூளையும்

ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் ராஷும் யான் போர்னும் நடத்திய சோதனை இது, 2007-ல் வெளியானது. சாயங்காலம், கணினித் திரையில் கவிழ்த்த சீட்டுகள்போல 15 ஜோடிப் படங்கள். எந்தப் படத்தின் ஜோடி எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டும். படிக்கும்போதே மூக்கருகே ரோஜா வாசனை. இரவில் சோதனையில் பங்கேற்றவர்கள் ஆழ்ந்து தூங்கும்போது, எழுப்பாமல், அதே வாசனையை மறுபடி விட்டார்கள். மறுநாள் சுமார் 97 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். தூக்கத்தில் வாசனை காட்டாதபோது 86. கனவுகள் மிகுந்த உறக்கத்தில் வாசனையை விட்டுப் பார்த்தபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை.

தூங்குகிறவருக்குள் அப்படி என்ன நடக்கிறது? துப்பு கொடுத்தவை எலிகள். மூளையின் உள்ளே, காதுகளின் உயரத்தில், கடற்குதிரைபோல் வளைந்து கிடக்கிறது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள், அங்கே இருப்பதை 1971-ல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் கண்டார். 2014 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இதற்காகத்தான். 1994-ல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் இன்னொன்றைப் பார்த்தார்கள்: ஓடும்போது சேர்ந்து துடித்த நியூரான்கள், எலி தூங்கிய பிறகும் சேர்ந்தே துடித்தன. அடுத்து வந்த ஆய்வுகளில் அந்த வரிசைகூட மாறாமல் தெரிந்தது. பல வினாடி ஓடிய பாதையை, தூங்கும் மூளை ஒரு வினாடிக்குள் ஓட்டிப் பார்த்துவிடுகிறது! அப்போது எழும் வேகமான மின் அலைகளைச் 'சிற்றலைகள்' என்று சொல்லலாம்.

இதெல்லாம் வெறும் எதிரொலிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் 2009-ல் பாரிஸில் கேப்ரியல் ஜிரார்தோ குழுவினர் செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். பயிற்சி முடித்து ஓய்விலும் உறக்கத்திலும் இருந்த எலிகளுக்குச் சிற்றலை கிளம்பும்போதெல்லாம் சின்ன மின்தூண்டல் கொடுத்துக் கலைத்தார்கள். பாதையைக் கற்பதில் அந்த எலிகள் பின்தங்கின. சிற்றலை இல்லாத நேரத்தில் அதே தூண்டலைப் பெற்ற எலிகளோ வழக்கம்போலக் கற்றன. ஆக, சிற்றலை நினைவின் நிழல் அல்ல. நினைவை ஊன்றும் வேலையையே செய்கிறது. விடிய விடியப் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கிறது.

நாள் முழுக்க நடந்ததில் எதை இரவில் ஓட்டுவது என்று மூளை எப்படி முடிவெடுக்கிறது? 2024-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கியோர்கி புஜாகி குழு, தேர்வு விழித்திருக்கும்போதே நடக்கிறது என்று காட்டியது. பாதையைச் சுற்றிவந்த சுண்டெலி, பரிசைப் பெற்றுச் சற்று நிற்கும். அந்த இடைவெளியில் சிற்றலைகள் எழும். எந்தச் சுற்று ஓட்டத்துக்குப் பின் சிற்றலைகள் எழுந்தனவோ, அதுதான் இரவில் திரும்ப ஓடியது.