ஜோடிக்குள் மூன்றாவது முயல்

போன மாதம் ஒரு அம்மா காய்கறிக் கூடையில் முயலை வைத்து, மேலே துண்டு போட்டுக் கொண்டுவந்தார். காது நுனி கிழிந்திருந்தது. தொடையில் ரோமம் கொத்தாகப் போயிருந்தது. "புதுசா ஒண்ணு வாங்கிக் கூண்டுப் பக்கத்துல வெச்சோம் சார், ரெண்டு நிமிஷம்தான்" என்றார். கடிபட்டது புதியது என்றுதான் நினைத்தேன். இல்லை, மூன்று வருடமாக ஒன்றாகத் தின்று ஒன்றாகப் படுத்த பழைய ஜோடியின் ஆண். கடித்தது அதன் பெண்ணேதான்.

அந்நிய வாசனையில் மிரண்ட முயல், கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பதை எட்ட முடியாமல் பக்கத்தில் இருப்பதன் மேல் பாயும். புதியதற்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறவர்கள், இருக்கிற ஜோடி உடைந்துபோகும் என்று நினைப்பதில்லை.

வாங்கியதும் ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுங்கள். சின்னக் குட்டியில் கால்நடை மருத்துவர்களான எங்களுக்கே தவறும், கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். சினைக்காலம் சுமார் 31 நாள்தான். மூன்றுக்கும் கருத்தடை செய்யாமல் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆபரேஷன் ஆன ஆணும் ஆறு வாரம் வரை சினைப்படுத்தக்கூடும், அதுவரை பெண்ணோடு விடக் கூடாது.

முதல் இரண்டு வாரம் புதியது தனி அறையில் இருக்கட்டும். சந்தையில் வாங்கியவற்றுக்கு மூக்கிலும் காது ஓரத்திலும் பொருக்குத் தட்டும் சொறி அடிக்கடி வருகிறது. நமக்கும் அரிக்கும். நாய்க்கு உண்ணி போக வாங்கி வைத்த ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை மட்டும் முயலுக்குப் போட்டுவிடாதீர்கள், முயலின் உயிருக்கே ஆபத்து.

அப்புறம்தான் கூண்டுகளைப் பக்கத்தில் வைக்க வேண்டும், அதுவும் மூக்கும் விரலும் எட்டாத இடைவெளி விட்டு. தினமும் சாக்கை மாற்றிப் போடுங்கள், இதன் படுக்கை அதற்கு, அதன் படுக்கை இதற்கு. சில நாள் கூண்டையே மாற்றுங்கள். அகத்தியையோ வேலிமசால் என்ற தீவனத் தழையையோ இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வையுங்கள். எதிரில் இருப்பதைச் சட்டை செய்யாமல் கால் நீட்டிப் படுத்தால் பாதி வேலை முடிந்தது. பத்து நாளிலும் நடக்கும், இரண்டு மாதமும் ஆகும்.

மூன்று முயலுமே போய்ப் பழகாத அறையில் சந்திப்பு நடக்கட்டும். வழுக்காத பாய் விரியுங்கள். ஜோடியில் ஒன்றை மட்டும் கூட்டிப் போகாதீர்கள், திரும்பி வரும்போது அதன் மேல் வேறு வாசனை இருக்கும். ஒன்றுக்கு ஊசி போட வந்தாலும் இரண்டையும் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மேலே ஏறுவது சில விநாடி என்றால் பரவாயில்லை, யார் பெரியவர் என்று பார்க்கிறார்கள். ஆனால் தலைப் பக்கமாக ஏறினால் உடனே இறக்குங்கள், கீழே இருப்பது பிறப்புறுப்பைக் கடித்துவிடும். காது பின்னால் படிந்து, வால் நிமிர்ந்து, ஒன்றையொன்று வட்டமடித்தால் தடித்த துண்டைப் போடுங்கள். நடுவில் கையை நுழைக்காதீர்கள். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

அன்றைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒரு முயல் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் குடல் இயக்கம் நின்றுபோயிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த அம்மாவின் ஜோடியை முதலிலிருந்து பழக்க வேண்டியதாயிற்று. இப்போது இரண்டும் ஒரே தட்டில் தின்கின்றன. புதியதை அந்தப் பெண் முயல் இன்னும் ஏற்கவில்லை. புதியதற்குத் தனியாக ஒரு துணை பார்த்துவிடலாம் என்றேன்.

"அப்ப நாலு ஆயிடுமே சார்?"

ஆமாம் என்றேன்.