வலியின் தலைமடை

அத்தைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது ஒரு சம்பா நடவின்போது. மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் ஒரு வயல். குனிந்து நட்டுக்கொண்டிருந்தவர் அடுத்த நாற்று முடியை எடுக்கத் திரும்பியபோது சுரீர் என்றது. நிமிர முடியவில்லை. வரப்பில் உட்கார வைத்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

முந்தைய வருடம் இதே மாதிரி பிடித்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்மணி என்ன செய்தார் என்பது ஊருக்கே தெரியும். தைலம் தேய்த்து நீவிவிடச் சொன்னார், நான்கு நாள் முனகினார், பத்தாவது நாள் களை எடுக்க வயலில் நின்றார். அத்தையை நாங்கள் படித்த பிள்ளைகள் சும்மா விடுவோமா? டவுனுக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தோம். "எலும்பு தேய்ந்திருக்கிறது, ஜவ்வு பிதுங்கியிருக்கிறது. இனிமேல் குனியவே கூடாது, மீறினால் படுத்த படுக்கைதான்" என்று சொல்லி, ஒரு பெல்ட்டையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அத்தை சொன்ன பேச்சைக் கேட்பவர். அன்றிலிருந்து கோலம் போடவில்லை, குடம் தூக்கவில்லை, தரையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. தும்மல் வந்தால்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்வார். எட்டு மாதம் கழித்து வலி குறைவதற்குப் பதிலாக இடுப்பிலிருந்து தோள்வரை ஏறியிருந்தது.

அந்த ஸ்கேனைப் பற்றி அன்று எனக்குத் தெரியாத ஒன்றைப் பிறகு படித்தேன். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசிய ஒரு தொகுப்பாய்வு 2015இல் வெளிவந்தது. ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது; 60 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. இவர்கள் எல்லோரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். நரையைப் போல வயதோடு வருவதைத்தான் அத்தையின் ஸ்கேனும் பெரும்பாலும் காட்டியிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்மணியின் முதுகையும் எடுத்துப் பார்த்திருந்தால் அதே படம் வந்திருக்கலாம். அவர் எடுக்கவில்லை, தப்பித்தார்.

அப்படியானால் அத்தையின் வலி பொய்யா? இந்தக் கேள்வியை எங்கள் வீட்டிலேயே சிலர் கேட்டார்கள். இல்லவே இல்லை. வலி எப்படி உண்டாகிறது என்று தெரியாததால் வரும் கேள்வி அது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேட்டூரில் திறந்த தண்ணீர் அப்படியே வயலுக்கு வந்துவிடுவதில்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிந்து, ஒவ்வொரு மதகிலும் ஏறி இறங்கும் ஷட்டருக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும்தான் கடைமடைக்குப் போகிறது. மேலே எவ்வளவு வந்தது என்பதை வைத்து என் வயலில் எவ்வளவு நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. வலியும் அப்படித்தான். காயம்பட்ட இடத்து நரம்புகள் அனுப்புவது "இங்கே ஆபத்து இருக்கலாம்" என்ற செய்தியை மட்டுமே. அது வலியாக உணரப்படுவதற்கு முன் தண்டுவடத்தில் ஒரு மதகைத் தாண்ட வேண்டும். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965இல் முன்வைத்த கருத்து இது. அதன் நுணுக்கங்கள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டன. மதகு என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

வலிச் செய்தியைக் கொண்டுவரும் இழைகள் மெல்லியவை. அவற்றில் மிக மெல்லியவை நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில்தான் நகரும். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் இழைகள் தடித்தவை, பல மடங்கு வேகமானவை. தடித்த இழைகளில் செய்தி பாயும்போது தண்டுவட மதகு மெல்லிய இழைகளுக்குச் சற்று இறங்கிவிடுகிறது. முட்டி இடித்துக்கொண்ட குழந்தையை அம்மா தேய்த்துவிட்டதும் அழுகை குறைவது இதனால்தான். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குக் கிடைத்த நிம்மதியில் தைலத்துக்குப் பாதி, நீவிய கைக்குப் பாதி என்று பங்கு பிரிக்கலாம்.

ஆனால் மதகைத் திறக்கவும் மூடவும் உத்தரவு இன்னொரு இடத்திலிருந்தும் வருகிறது. அதுதான் தலைமடை, இங்கே அந்தச் சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். (ஆற்றில் நீர் மேலிருந்து கீழே வரும், உடம்பில் செய்தி கீழிருந்து மேலே ஏறும் என்ற வித்தியாசத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.) நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது. அதன் வழியாக மூளை ஷட்டரை இறக்கவும் முடியும், ஏற்றவும் முடியும். இறக்குவதற்கு அது பயன்படுத்தும் பொருள்களில் முக்கியமானது உடம்பே தயாரிக்கும் எண்டார்பின், மார்பின் என்ற வீரியமான வலிமருந்தின் உறவுக்காரன்.

இதற்கு ஓர் அழகான சோதனை நடந்தது 1978இல். கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு மார்பின் வேலை செய்யும் வாயிலை அடைத்துவிடும் நலாக்சோன் என்ற மருந்தைச் செலுத்தியதும் அவர்களுக்கு வலி திரும்பக் கூடியது. வெறும் நம்பிக்கையாக இருந்தால் அதை ஒரு வேதிப்பொருள் எப்படித் தடுக்கும்? நம்பிக்கை உடம்புக்குள் மருந்தாகவே சுரந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 2011இல் ஆக்ஸ்போர்டில் 22 பேரின் காலில் சூடு வைத்து வலியை 100க்கு மதிப்பிடச் சொன்னார்கள். தொடக்கத்தில் சராசரி 66. அவர்களுக்குத் தெரியாமலே வலிமருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கியதும் 55. "இப்போது மருந்து ஏறுகிறது" என்று சொன்னதும் 39. "மருந்தை நிறுத்திவிட்டோம், வலி கூடலாம்" என்று பொய் சொன்னபோது 64. மூன்று கட்டத்திலும் மருந்து அதே அளவில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அச்சமூட்டிய ஒரு வாக்கியம் வீரியமான மருந்தை ஏறக்குறைய செல்லாததாக்கிவிட்டது. "படுத்த படுக்கைதான்" என்ற சொல் அத்தையின் முதுகில் என்ன செய்திருக்கும் என்று அந்த எண்களைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சொல் மூளையோடு நிற்பதில்லை. பயந்தவர் அசைய மாட்டார். அசையாத தசை இளைக்கும், மூட்டு இறுகும். இறுகியதை என்றாவது அசைத்தால் வலிக்கும். "பார், சொன்னார்கள் அல்லவா" என்று பயம் கெட்டிப்படும். இதற்கிடையே நரம்புகளும் சும்மா இருப்பதில்லை. நீண்ட நாள் ஆபத்துச் செய்தியைக் கடத்திக் கடத்தித் தண்டுவடம் கூர்மையாகிவிடுகிறது. சாதாரணத் தொடுதலும் வலியாக ஏறுகிறது.

காயம் ஆறுவதிலும் மனத்துக்குப் பங்கு இருக்கிறது, சிறிய அளவில். மறதிநோய் வந்த உறவினரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களின் கையில் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். அந்தச் சுமை இல்லாதவர்களைவிட அவர்களுக்கு ஆற ஏறக்குறைய 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. 1995இல் வெளிவந்த ஆய்வு இது. நீண்டகால மனஅழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால், காயம் ஆறுவதன் முதல் கட்டமான அழற்சியை மந்தப்படுத்துகிறது.

இதைப் படித்துவிட்டு யாராவது போய் நோயாளியிடம் "மனசைத் திடமாக வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்" என்று அறிவுரை சொன்னால் எனக்குக் கோபம் வரும். முறிந்த எலும்பு எத்தனை நம்பிக்கை இருந்தாலும் தனக்கான வாரங்களை எடுத்துக்கொள்ளும். காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். திடம் என்பது நோயாளி தானாக வரவழைத்துக்கொள்ளும் பொருளும் அல்ல. பெரும்பாலும் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் செய்தியில்தான் அது கிடைக்கிறது அல்லது கெடுகிறது.

அத்தைக்கு அதைக் கொடுத்தவர் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட். முதல் நாள் அவர் உடற்பயிற்சி எதுவும் சொல்லித்தரவில்லை. ஸ்கேனை மூடி வைத்துவிட்டு, "உங்கள் முதுகு நாற்பது வருடம் நடவு நட்ட முதுகு அம்மா, இது அவ்வளவு சுலபமாக உடையாது" என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தொடச் சொன்னார். மறுவாரம் கணுக்கால். அதற்கடுத்து தரையில் கிடந்த ஒரு துண்டை எடுக்க வேண்டும். வலிக்கும், வலித்தால் ஏதோ கிழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, நாளைக்கு இன்றைவிடக் கொஞ்சம் கூட என்பதுதான் கணக்கு. மூளைக்கு அது சாட்சியோடு கிடைத்த பதில்: குனிந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

நான்கு மாதத்தில் வாசலில் நான்கு புள்ளிக் கோலம் வந்தது. பொங்கலுக்குப் படிக்கோலமே போட்டார், நடுவில் இரண்டு முறை எழுந்து நின்று இடுப்பைத் தட்டிக்கொண்டு.

அடுத்த குறுவைக்கு நான் ஊருக்குப் போனபோது நடவு வரிசையில் அவர் நின்றிருந்தார். அரை மா நட்டு முடிந்ததும் கரையேறிவிட்டார்.

"வலிக்கிறதா அத்தை?"

"வலிக்காமல் இருக்குமா தம்பி, குனிந்து நட்டால் எல்லோருக்கும்தான் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு வாய்க்காலில் காலைக் கழுவினார்.