கழி பிடிப்பவரே தாளக்காரர்: பிலிப்பைன்ஸ் நடனங்களை மேடையேற்றுவோர் கவனத்துக்கு

பிலிப்பைன்ஸின் மூங்கில் கழி நடனமான தினிக்லிங்கின் ஒத்திகையில் ஒரு பிள்ளையின் கணுக்கால் இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், எல்லோர் கண்ணும் அந்தக் காலுக்குத்தான் போகும். "கவனமா ஆடு" என்று ஒரு அதட்டலும் விழும். முதலில் பார்க்க வேண்டியது கழியின் இரு முனையிலும் உட்கார்ந்திருப்பவர்களின் கையை. பெரும்பாலும் பிசகு அங்கேதான் தொடங்கியிருக்கும்.

பள்ளி ஆண்டு விழாக்களிலும் அலுவலகக் கலாச்சார நாட்களிலும் 'உலக நடனங்கள்' என்று வந்துவிட்டால் பிலிப்பைன்ஸின் மூங்கில் நடனத்துக்கு ஓர் இடம் உண்டு. பார்க்க எளிது, செலவு குறைவு, கைதட்டல் நிச்சயம். நன்றாக ஆடுகிற பிள்ளைகளை ஆட விட்டு, ஆட வராதவர்களைக் கழி பிடிக்க உட்கார வைப்பார்கள். இது தலைகீழான ஏற்பாடு. தினிக்லிங்கில் கழி என்பது ஆட்டத்துக்கு வைத்த தடை அல்ல, வாத்தியம். குழுவிலேயே தாளம் பிசகாதவர் யாரோ அவரைத்தான் கழியில் உட்கார வைக்க வேண்டும். ஆடுபவர் தடுமாறினால் ஓர் ஆள் தடுமாறியதோடு போகும். கழி தடுமாறினால் ஆட்டமே நின்றுவிடும்.

தினிக்லிங்கின் கணக்கு மூன்று. நம் வழக்கில் சொன்னால் தகிட. 'த'வில் இரண்டு கழியும் ஒன்றோடொன்று மோதும். 'கி', 'ட' இரண்டிலும் ஓரடி தூரம் விலகி, அடியில் கிடக்கும் கட்டையில் தட்டும். மூடு, திற, திற. ஆடுபவரின் கால் இதற்கு ஈடுகொடுக்கும்: 'த'வில் வெளியே ஒரு கால், 'கி', 'ட'வில் உள்ளே இரண்டு கால். இடது கால் வெளியே நின்றால் அடுத்து வலது, இடது என்று உள்ளே வைத்து, மறுபக்கம் வலது காலில் வெளியே இறங்குவார். அங்கிருந்து இடது, வலது உள்ளே. மீண்டும் இடது வெளியே. மூன்று அடிக்கு இரண்டே கால்கள் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடியில் கால் மாறி விழுகிறது. இந்த நடனத்தின் சூட்சுமம் மொத்தமும் இதில்தான் இருக்கிறது.

அணிவகுப்பில் 'லெஃப்ட், ரைட்' என்று பழகிய பிள்ளைகளுக்கு இது உடனே வராது. அவர்கள் உடம்பு ஒவ்வொரு சுற்றையும் ஒரே காலில் தொடங்கத் தேடும். நான்காவது சுற்றுக்குள் கால் சிக்கும். அதனால் பலர் நான்கு அடிக் கணக்குக்குத் தாவிவிடுகிறார்கள்: இரண்டு முறை கீழே தட்டி, இரண்டு முறை கழிகளை மோதுவது. பிலிப்பைன்ஸுக்கு வெளியே உடற்கல்வி வகுப்புகளில் இது பரவலாக இருக்கிறது. திரைப்பாட்டு எதற்கும் பொருந்தும். ஆனால் நான்காவது அடிக்குக் கால் இல்லை. வெளியே நிற்கும் அதே காலில் ஒரு துள்ளல் போட்டு நிரப்ப வேண்டும். உடற்பயிற்சிக்கு நல்லது, தவறும் இல்லை. ஆனால் பறவையின் நடை அதில் போய்விடும். மேடையில் 'பாரம்பரிய தினிக்லிங்' என்று அறிவித்துவிட்டு நான்கடியில் ஆடக் கூடாது.

பறவை என்றது சும்மா அல்ல. திக்லிங் என்பது வயலோரம் திரியும் கானாங்கோழி இனத்துப் பறவை. நீண்ட காலை எடுத்து வைத்து, புல் தண்டுகளுக்கிடையே புகுந்து, நெல் விவசாயிகள் வைத்த மூங்கில் பொறிகளுக்குத் தப்பி ஓடும் அதன் நடைதான் லெய்டே தீவில் இந்த ஆட்டமாயிற்று என்பார்கள். ஸ்பானியர் காலத்தில் பண்ணையாட்களை இரண்டு கழிகளுக்கு நடுவே நிறுத்திக் காலில் அடித்த தண்டனையிலிருந்து பிறந்தது என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. தொகுப்புரையில் அதைச் சேர்க்காதீர்கள். பறவைக் கதைக்கு ஆட்டத்திலேயே சாட்சி இருக்கிறது: தலை நிமிர்ந்திருக்கும், பார்வை கீழே போகாது, பாதம் வெறுங்காலாக முன்பகுதியில் இறங்கும், முழங்கால் நன்றாக மடங்கி எழும். குனிந்து கழியைப் பார்த்துக்கொண்டே ஆடுகிற திக்லிங் கிடையாது. காதால் ஆட வேண்டிய ஆட்டம் இது.

இனி சாமான். கழி ஏறக்குறைய ஒன்பது அடி நீளம், கைக்குள் அடங்கும் பருமன், கணு செதுக்கித் தேய்த்தது. பச்சை மூங்கில் கனமாக இருக்கும், ஓசை மந்தமாக வரும். நன்றாகக் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஆனால் வெடிப்பு விழும். ஒவ்வோர் ஒத்திகைக்கும் முன்னால் பழந்துணியால் கழியை நீளவாக்கில் ஒருமுறை துடையுங்கள். துணி இழுபட்டு நின்ற இடத்தில் சிலாம்பு இருக்கிறது. கழிகளுக்கு அடியில் குறுக்காக இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டரை அடி நீளம், இரண்டு அங்குலக் கனம், ஒன்றுக்கொன்று ஏழெட்டு அடி இடைவெளியில். இந்தக் கட்டையைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். கட்டை இல்லாவிட்டால் கழியைத் தரையில் அடிக்கும்போது பிடித்தவரின் விரல் முட்டி தரையில் நசுங்கும். நசுங்கும் பயத்தில் கழியை உயரத் தூக்குவார். தூக்கிய கழி ஆடுபவரின் கணுக்காலுக்கு நேராக வரும். இரண்டு மரத்துண்டை மிச்சம் பிடித்ததில் இத்தனையும் நடக்கிறது. சத்தமும் கட்டையில்தான் பிறக்கிறது.

கழியை முனையில் பக்கவாட்டாகப் பிடிக்க வேண்டும். இரண்டு கழிக்கும் நடுவே விரல் வரக் கூடாது. மோதும்போது தூக்கி அடிப்பதில்லை, கட்டையின் மேலேயே இழுத்து மோதுவது. விலகித் தட்டும்போதும் ஓர் அங்குலம் எழுந்தால் போதும். எதிரெதிரே உட்கார்ந்த இருவரில் ஒருவரைத் தலைமைக் கை என்று முடிவு செய்துவிடுங்கள்; மற்றவர் அவர் கையைப் பார்த்து அடிக்க வேண்டும், ஆடுபவரின் காலைப் பார்த்து அல்ல. காலைப் பார்த்து அடிக்கிறவர் கால் தாமதித்தால் தானும் தாமதிப்பார், தாளம் சிதையும். குந்தி உட்கார்ந்து அடிப்பது முழங்காலுக்கு வேதனை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். களைத்த கைதான் வேகம் கூட்டும். களைப்பில் வேகம் குறையும் என்றுதான் நினைப்போம்; மூங்கிலில் நேர்மாறாக நடக்கிறது. கழியை நிறுத்தி விலக்கத் தெம்பில்லாத கை அடுத்த அடிக்கு ஓடிவிடும்.

முதல் இரண்டு வகுப்புகளில் கழியே வேண்டாம். தரையில் ஓரடி இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை வைத்து, வாயால் தகிட சொல்லிக்கொண்டு கோட்டில் ஆட வேண்டும். பிறகு கழிகளை அசையாமல் கிடத்தி அதன் மேல். பிறகு கழி தட்ட, ஆடுபவர் ஓரமாக நின்று அந்த ஓசைக்கு இடத்திலேயே கால் மாற்ற வேண்டும். நான்காவதாகத்தான் உள்ளே நுழைவது. இந்த மூன்றாவது படியைத் தாண்டிக் குதிக்கிற குழுக்களில்தான் கணுக்கால் வீங்குகிறது. வேகத்தைக் கூட்டும்போது ஐந்து ஐந்து அடியாகக் கூட்டுங்கள். கழி காலில் பட்டுவிட்டால் காலை இழுக்காமல் அப்படியே நிற்கப் பழக்குங்கள். இழுத்தால் கழி உருண்டு பாதம் புரளும். கழிக்காரர்கள் கழி காலில் பட்ட சத்தம் கேட்டதும் கையை விட்டுவிட வேண்டும்.

இந்த மூன்றடிக் கணக்கு தினிக்லிங்கோடு நிற்பதல்ல. 1565 முதல் 1898 வரை நீண்ட ஸ்பானிய ஆட்சியில் ஃபாந்தாங்கோ, ஹோத்தா, வால்ட்ஸ், மசூர்க்கா என்ற ஐரோப்பிய நடனங்கள் எல்லாம் கப்பலேறி வந்தன. ஊர்க்காரர்கள் அவற்றை வாங்கித் தங்கள் சாமான்களோடு கலந்தார்கள். விரல்களில் மாட்டித் தட்டும் காஸ்டனெட்டுக்குப் பதில் மூங்கில் துண்டு வந்தது. பதினான்கு தந்தி பந்தூரியா தலைமையில் நரம்பு வாத்தியக் குழு அமைந்தது; அதற்கு ரொந்தாலியா என்று பெயர். மிந்தோரோ பகுதியின் லுபாங் தீவில் ஃபாந்தாங்கோ 'பந்தாங்கோ ச இலாவ்' ஆயிற்று. தலையில் ஒரு விளக்கு, இரு கையிலும் ஒவ்வொன்று. வால்ட்ஸுக்கே உரிய ஏற்ற இறக்கம் இங்கே உதவாது. உடம்பு எழுந்து தாழ்ந்தால் தலை விளக்கு சரியும். அடியின் அதிர்வை முழங்காலும் கணுக்காலும் விழுங்கிவிட, இடுப்புக்கு மேலே தெப்பம் போல மிதக்க வேண்டும். கண்ணாடித் தம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றிப் பழகுங்கள். தண்ணீர் தளும்பாத நாளில் விளக்குக்குப் போகலாம். பிள்ளைகள் மேடைக்கு மின்கல விளக்கே சரி, இதில் பாரம்பரியம் பேச வேண்டியதில்லை.

இந்த அடிகளையெல்லாம் இன்று நாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு ஒரு பெண்மணி காரணம். பிரான்சிஸ்கா ரெயெஸ்-அகினோ (1899–1983) 1920களிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கிழவர்களையும் கிழவிகளையும் ஆடச் சொல்லி, எந்த அடியில் எந்தக் கால் என்று எண்ணிக்கையோடு எழுதி வைத்தார். 1973இல் நடனத்துக்கான தேசியக் கலைஞர் விருது பெற்றார். குமிந்தாங் என்ற மணிக்கட்டுச் சுழற்சி, இணையருக்கும் அவையோருக்கும் செய்யும் சலூதோ வணக்கம், ஒரு கை முன்னும் ஒரு கை பின்னும் இடுப்பில் வைக்கும் ஹயோன்-ஹயோன் என்று பெயர்கள் நிலைத்தது அவர் பாடத்தால்தான்.

ஸ்பானியச் சாயல் ஏறாத மலைகளில் கணக்கே வேறு. வட லூசோனின் கொர்தில்லேரா மலையில் கலிங்கா மக்கள் கங்சா என்ற தட்டையான சேகண்டிகளை ஆறு பேராக வாசிப்பார்கள். மடியில் வைத்து உள்ளங்கையால் தட்டுவது ஒரு முறை; குச்சியால் தட்டிக்கொண்டே குனிந்து வட்டமாக நடப்பது இன்னொன்று. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு துணுக்குத்தான் இருக்கும். ஆறும் பின்னிக்கொண்டால்தான் இசை. ஒருவர் நின்றால் பல் விழுந்த இடம் போல ஓட்டை தெரியும். ஒலிப்பதிவைப் போட்டுக் கையில் எவர்சில்வர் தட்டைக் கொடுத்து ஆட வைப்பதில் இந்த நடனத்தின் உயிரான பகுதியே விடுபட்டுப்போகிறது.

அதிக எச்சரிக்கை தேவைப்படுவது சிங்கில் விஷயத்தில். மின்தனாவோவின் லானாவ் ஏரிக்கரையில் வாழும் மரனாவ் முஸ்லிம்களின் நடனம் இது. சிங்கில் என்பது கணுக்காலில் கட்டும் மணிவளையம். கொடியில் கால் சிக்குவதையும் அந்தச் சொல் குறிக்கும். குறுக்கும் நெடுக்குமாக வைத்த கழிகளுக்கிடையே, இரு கையிலும் விசிறி சுழற்றியபடி, கீழே நடப்பதைக் கவனிக்காதது போன்ற முகத்தோடு ஒரு பெண் நடந்து போவாள். பின்னணியில் எட்டுக் கிண்ண மணிகளை வரிசையாக வைத்த கூலிந்தாங். கதை தராங்கன் காவியத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மரனாவ் மக்கள் பாடும் அந்தக் காவியத்தை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்து, 2008இல் அதற்கான பட்டியலில் சேர்த்தது. நாம் யூடியூபில் பார்க்கிற சிங்கில், வாளோடு நுழையும் இளவரசன், நெருப்பாய் ஏறும் வேகம், பிரமாண்ட உடை எல்லாம் பெரும்பாலும் மணிலாவின் மேடை வடிவம். 1957இல் தொடங்கிய பயனிஹான் குழு 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் புகழ் பெற்றது. நாட்டார் நடனங்களை மேடைக்கேற்பக் கோத்து அமைக்கும் பாணியை உலகறியச் செய்தது அதுதான். 1998இல் சட்டப்படியே தேசிய நாட்டார் நடனக் குழுவானது. கலையாக அது குறைவானதல்ல. ஆனால் தங்கள் மகளிர் கௌரவத்தோடு ஆடும் ஆட்டம் வேறு, மேடையில் காட்டப்படுவது வேறு என்று மரனாவ் தரப்பிலிருந்தே குறை சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மேடைப் பிரதியைப் பார்த்து நாம் எடுப்பது பிரதியின் பிரதி. நிகழ்ச்சி நிரலில் 'முஸ்லிம் நடனம்' என்று பொத்தாம்பொதுவாகப் போடாதீர்கள். மரனாவ், மகின்தனாவ், தவ்சுக், யாக்கான் என்று ஒவ்வொரு மக்களுக்கும் தனி மொழி, தனி ஆட்டம் இருக்கிறது. "சிங்கில், மரனாவ் மக்கள், லானாவ்; மேடை வடிவம்" என்று ஒரே வரி அச்சிட்டால் போதும்.

சூலு தீவுகளின் பங்காலாய் நடனத்துக்கு வந்தால் பரதம் படித்தவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். விரல்களைப் பின்னோக்கி வளைத்து, மணிக்கட்டைத் திருப்பும் அந்தக் கைகளைப் பார்த்ததும் 'நமக்கு வரும்' என்று தோன்றும். சிலர் ஜங்காய் என்ற பித்தளை நகங்களையும் முதல் நாளே மாட்டிக்கொள்வார்கள். பிறகு கை ஓரிடத்துக்குப் போய் முத்திரையாக நிற்கும். பங்காலாயில் கை எங்கும் நிற்பதில்லை. ஓர் அசைவு முடியும் இடத்தில் அடுத்தது ஏற்கனவே தொடங்கியிருக்கும். அடவுக்கு இருப்பது போன்ற முடிவடி இங்கே கிடையாது. பின்னணி மணிகள் விறுவிறுவென்று ஓடினாலும் உடம்பு அதைத் துரத்துவதில்லை. தாளத்தைக் காலால் பிடிக்கப் பார்க்கிறவர்கள் இரண்டு நிமிடத்தில் நாட்டியம் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். பரத வகுப்பின் தட்டுக்கழியை ஓரம் வையுங்கள். முழங்காலை லேசாக மடக்கிய நிலையில், ஒரு மூச்சு உள்ளே போகும் நேரம் முழுக்க ஒரு கை எழட்டும். அது வெளியேறும் நேரம் முழுக்க இறங்கட்டும், அதற்குள் மறு கை கிளம்பியிருக்கும். இதை இசையில்லாமல் பத்து நிமிடம் செய்து, தோள் தூக்காமல் வந்தபிறகு மணியோசையைப் போடுங்கள். நகங்கள் கடைசி வாரத்தில் போதும்.