சக்கர் மீனுக்கு என்ன பெயர்?

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இதற்கு இரண்டு பெயர்கள். ஒன்று ‘சக்கர்’, இன்னொன்று ‘டேங்க் கிளீனர்’. விரல் நீளத்தில், கறுப்புப் புள்ளிகளோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டி வாங்குகிறவரிடம் “இதையும் ஒண்ணு போட்டுக்குங்க, பாசியெல்லாம் தின்னுடும்” என்று சேர்த்துக் கொடுப்பார்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ‘பிளெக்கோ’ என்பார்கள். அது பிளெக்கோஸ்டோமஸ் என்பதன் சுருக்கம். கிரேக்க மூலத்தில் ‘மடிந்த வாய்’ என்று பொருள். 1758-இல் ஸ்வீடன் உயிரியலாளர் லின்னேயஸ் அறிவியல் பெயராகப் பதிவுசெய்தது. உண்மையில் இது கெளுத்தி வகை. அவர் அப்படிக் கருதவில்லை, எலும்புத் தகடுகள் கொண்ட ஸ்டர்ஜன் என்ற வேறு மீனோடு சேர்த்துவிட்டார். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, வாய் அடிப்பக்கம். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பிறகு இதற்கு ஹைப்போஸ்டோமஸ் என்ற பேரினம் அமைந்தது. ‘கீழ்வாய்’ என்று அதற்குப் பொருள். ஆனால் இன்று நம் கடைகளில் பிளெக்கோ என்று விற்பது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் என்ற உறவுக்காரப் பேரினம். முதுகுத் துடுப்பை விரித்து எண்ணினால் தெரிந்துவிடும்: ஹைப்போஸ்டோமஸுக்குத் துடுப்பைத் தாங்கும் கிளைக்கதிர்கள் 7, இதற்குப் பெரும்பாலும் பத்தோ அதற்கு மேலோ.

அமேசான் போன்ற தென்னமெரிக்க ஆறுகள்தான் சொந்த ஊர். பகலில் மரக்கட்டைக்கும் பாறைக்கும் அடியில் கிடக்கும், இருட்டிய பிறகு மேயக் கிளம்பும். வெளிச்சம் பட்டால் கருவிழியில் ஒரு மடல் இறங்கி, பாவை பிறைபோலச் சுருங்கும். நீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும். இரைப்பையே நுரையீரல் வேலையைப் பார்த்துவிடும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், ஆண் காவல் இருக்கும். பிரேசிலில் இதைக் ‘காஸ்குடு’ என்கிறார்கள். ஓடு, பட்டை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘பூனைமீன்’ வேண்டாம். மீசையைப் பார்த்துப் பூனையை நினைத்தது ஆங்கிலேயர். நமக்குக் கெளுத்தி இருக்கிறது. அகராதியில் கெளிறு, கெடிறு என்றும் காணலாம். மீசை, துடுப்பில் முள், செதிலில்லாத உடம்பு எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிடும். இந்த மீனுக்குத் தகடு இருக்கிறதே என்றால், அது செதில் இல்லை, எலும்பு.

‘கவசக் கெளுத்தி’ என்றால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கடையில் விற்கும் கோரிடோராஸ் என்ற குட்டிக் கெளுத்திக்கும் கவசம் உண்டு. ‘உறிஞ்சுவாய்க் கெளுத்தி’ என்பது ‘சக்கர்மவுத் கேட்ஃபிஷ்’ என்ற ஆங்கிலப் பெயருக்கு நெருக்கமானது. எனக்கு அதிலும் ஒரு குறை தெரிகிறது. உறிஞ்சுவது என்றால் நமக்கு நினைவுக்கு வருவது இளநீரும் ரசமும். இந்த மீன் வாயால் பற்றிக்கொண்டு, பல்லால் பாசியைச் சுரண்டுகிறது. அதனால் நான் ‘ஒட்டுவாய்க் கெளுத்தி’ என்றே எழுதுகிறேன்.

இந்தப் பெயர்களிலேயே மோசமானது ‘டேங்க் கிளீனர்’தான். பாசியைத் தின்னும், உண்மை. ஆனால் தின்றதற்கு ஏற்ற கழிவையும் அந்தத் தண்ணீரிலேயேதான் விடும். அப்புறம் ஒன்றரை அடிக்கு வளரும். இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர் என்ன செய்வார்? பாவம் பார்த்துப் பக்கத்து ஏரியில் விட்டுவிடுவார். அங்கே வலையில் சிக்கினால் முள்ளும் தகடும் வலையைக் கிழிக்கும், சந்தையில் வாங்க ஆள் கிடையாது, வளை தோண்டித் தோண்டிக் கரை சரியும். மெக்சிகோவில் இதற்குப் ‘பேய்மீன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் கடைகளில் இன்னும் துப்புரவாளர் வேடம்தான்.