வயசான கொடியோட ஒயினும் ஒரு துண்டு எலுமிச்சையும்

தென்னாப்பிரிக்க வெள்ளை ஒயின் சில பாட்டில்கள்ல சின்னதா ஒரு சீல் ஒட்டியிருக்கும், அதுல 1974ன்னோ 1981ன்னோ ஒரு வருஷம் போட்டிருக்கும். அது ஒயின் செஞ்ச வருஷம் இல்ல, திராட்சைக்கொடி நட்ட வருஷம். 35 வயசாவது ஆன தோட்டத்துக்குத்தான் அந்த சீல் குடுப்பாங்க. 2002 வாக்குல ரோசா க்ரூகர்னு ஒரு திராட்சைத் தோட்ட நிபுணர் அந்த நாட்டோட கேப் பகுதியில ஊர் ஊரா போய் பழைய தோட்டங்களைத் தேடிக் கணக்கெடுக்க ஆரம்பிச்சாங்க, அந்த வேலைதான் வளர்ந்து 2016ல ஓல்ட் வைன் ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்பா ஆச்சு.

அந்தப் பழைய தோட்டங்கள்ல ரொம்ப அதிகம் இருக்கறது ஷெனின் பிளாங்க்ங்கற வெள்ளைத் திராட்சை ரகம். பிறந்த ஊர் பிரான்ஸோட லுவார் பள்ளத்தாக்கு, ஆனா இன்னைக்கு பிரான்ஸை விட தென்னாப்பிரிக்காவுலதான் அதிகமா இருக்கு, அங்க ரொம்ப நாளா ஸ்டீன்னுதான் கூப்பிட்டாங்க, ரெண்டும் ஒரே ரகம்தான்னு 1960கள்லதான் உறுதியாச்சு. ஒரு காலத்துல இந்தப் பழம் பெரும்பாலும் பிராந்தி காய்ச்சத்தான் போச்சு, டன் கணக்குல எடை போட்டு காசு. கொஞ்சமா காய்க்கிற வயசான கொடியை டன் கணக்குல வித்தா விவசாயிக்கு என்ன மிஞ்சும், அதனால நிறைய தோட்டத்தைப் பிடுங்கிப் போட்டுட்டாங்க. இதை எப்ப நினைச்சாலும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். தப்பிச்சது நிறைய ஸ்வார்ட்லேண்ட், பார்ல், ஸ்டெலன்பாஷ் பக்கம் இருக்கு. கென் ஃபாரெஸ்டர் ஓல்ட் வைன் ரிசர்வ், மல்லினோவோட க்ளூஃப் ஸ்ட்ரீட் மாதிரி பாட்டில்கள் இன்னமும் கைக்கு அடக்கமான விலையில கிடைக்குது, இதே தரத்துல பிரான்ஸோட நல்ல பர்கண்டி வெள்ளை ஒயின் வாங்கப்போனா பல மடங்கு ஆகும்.

சரி, கொடிக்கு வயசானா ருசி ஏன் மாறணும்? வேர் ஆழமா போய் பாறையிலேர்ந்து மினரலை உறிஞ்சி கிளாஸ்ல கொண்டுவந்து குடுக்குதுன்னு நிறைய பேர் சொல்வாங்க, அது சரியில்ல. ஒயின்ல இருக்கற தாது அளவு நம்ம நாக்குக்குத் தெரியற அளவை விட ரொம்பக் கம்மி. ஆழமான வேர் செய்யற உதவி வேற: ஸ்வார்ட்லேண்ட் மாதிரி காஞ்ச மண்ணுல தண்ணி பாய்ச்சாமலேயே கோடையைத் தாங்க வைக்குது. அதோட தடிச்ச தண்டுல மாவுச்சத்து சேமிப்பு இருக்கும், இலைச்சுருள் வைரஸ் மாதிரி பழைய நோய்களும் பெரும்பாலும் இருக்கும், அதனால குலை கம்மி, பழுக்கறதும் நிதானம். ஷெனினை இளசா தண்ணி ஊத்தி வளர்த்தா கொத்துக் கொத்தா காய்ச்சுத் தள்ளும், பழம் சப்புன்னு இருக்கும். வயசான கொடியில அதே இலைகள் கொஞ்சம் பழத்துக்கு மட்டும் உழைக்குது, அதனால சதைப்பத்தான ருசி வருது, புளிப்பும் விட்டுப்போகாம நிக்குது. இந்த ரெண்டும் சேர்ந்து நிக்கறதுதான் விஷயம்.

குடிச்சுப் பாக்கும்போது பிரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே ஊத்தாதீங்க, 4 டிகிரியில வாசனை மூலக்கூறு அவ்வளவா மேல எழும்பாது, ஒரு 20 நிமிஷம் வெளிய வெச்சு 10, 12 டிகிரிக்கு வந்ததும் குடிங்க. முதல் மடக்கை மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிங்க. புளிப்பு தெரியும், ஆல்கஹாலோட சூடு தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. முழுங்கிட்டு மூக்கை விட்டீங்கன்னா கொய்யா, பேரிக்காய், கொஞ்சம் அன்னாசி எல்லாம் ஒரேயடியா வரும், ஏன்னா ருசின்னு நாம சொல்றதுல பெரும்பங்கு தொண்டை வழியா பின்பக்கமா மூக்குக்குப் போற வாசனைதான். அந்தக் கொய்யா வாசனையில ஒரு பங்கு தயால்ங்கற கந்தகச் சேர்மம், மீதி ஈஸ்ட் உண்டாக்கற எஸ்டர். எஸ்டர் ரெண்டு மூணு வருஷத்துல உடைஞ்சு போயிடும், அப்புறம் தேன், தேன்மெழுகு, காஞ்ச வைக்கோல் வாசனை முன்னால வரும், எனக்குப் பிடிச்சது அந்தக் கட்டம்தான்.

இப்ப ஒரு துண்டு எலுமிச்சை, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை எடுத்து வெச்சுக்கங்க. எலுமிச்சையை நக்கிட்டு ஒயினைக் குடிச்சா ஒயின் சாந்தமா, கொஞ்சம் இனிப்பாக்கூட தெரியும், நாக்கு அதை விடப் பெரிய புளிப்புக்குப் பழகிட்டதால. சர்க்கரையைத் தின்னுட்டு அதே ஒயினைக் குடிச்சா முகம் சுளிக்கிற புளிப்பு. உப்புக்கு அப்புறம் கசப்பு அடங்கி பழ ருசி தூக்கலா தெரியும். எந்த சாப்பாட்டுக்கு எந்த ஒயின்ங்கறதுல பாதிக்கு மேல இந்த மூணுலயே அடங்கிடுது: சாப்பாடு ஒயினை விட இனிப்பா இருக்கக்கூடாது, புளிப்பும் உப்பும் இருந்தா நல்லது. எண்ணெய்ப் பண்டத்துக்கும் இது ஒத்துவரும், புளிப்பு பட்டதும் எச்சில் ஊறி வாயில ஒட்டின பிசுக்கைக் கழுவிடுது.

கேப் டவுன் பக்கம் ஈஸ்டருக்கு செய்யற ஊறவெச்ச மீன்தான் இதுக்கு நல்ல உதாரணம். பொரிச்ச மீனை வெங்காயம், மஞ்சள், கறி மசாலா, வினிகர் போட்டு ஊற வெப்பாங்க, கொஞ்சம் சர்க்கரையும் சேரும். டச்சுக் கம்பெனி அடிமைகளா கொண்டுபோன இந்தோனேசியா, வங்காளம், நம்ம சோழமண்டலக் கரை ஜனங்களோட கைமணம் அந்த ஊர் சமையல்ல இன்னமும் இருக்கு. வினிகருக்கு முன்னால புளிப்பு கம்மியான ஒயின் தண்ணி மாதிரி ஆயிடும், ஷெனின் நின்னு குடுக்கும். மீனுக்கு சிவப்பு ஒயின் ஏன் பெரும்பாலும் ஒத்துவராதுன்னா இரும்பு. சிவப்புல இரும்பு அதிகமா இருந்தா அது மீன் கொழுப்போட வினை செஞ்சு கவிச்சு வாடை கிளப்புதுன்னு 2009ல ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டினாங்க, வெள்ளையில பொதுவா இரும்பு கம்மி. கொத்துக்கறியில மசாலாவும் உலர்திராட்சையும் போட்டு மேல முட்டை ஊத்தி வேகவெக்கிற பொபோட்டிக்கு மட்டும், இனிப்பு இருக்கறதால, மரப் பீப்பாயில வெச்சு எடுத்த சதைப்பத்தான ஷெனினா எடுங்க.

ஆனா டர்பன் தமிழர் வீட்டு மட்டன் கறி மாதிரி காரம் ஏறினா கதை வேற. மிளகாய்க் காரத்தை உணர்ற ரிசெப்டர் சூட்டையும் உணரும், சாதாரணமா 42 டிகிரிக்கு மேலதான் அது முழிக்கும், ஆல்கஹால் பட்டா 34 டிகிரியிலயே முழிச்சுக்குது, நம்ம உடம்பு சூடோ 37. அதனால 13, 14 சதவீத ஒயின் காரத்தை அணைக்காது, ஊதித்தான் விடும். அந்த மாதிரி சாப்பாட்டுக்கு லேசான இனிப்போட ஆல்கஹால் கம்மியா இருக்கற ஷெனின் தேடுங்க, இல்லன்னா பாட்டிலை நாளைக்கு மீனுக்கு எடுத்து வெச்சுட்டு இன்னைக்கு மோர் குடிங்க.