162-ஆ, 54-ஆ, 27-ஆ? பியானோ பதிவின் வேகத்தை அளப்பது எப்படி

ஒரு பியானோ பதிவை மென்பொருளிடம் கொடுத்தால் நிமிடத்துக்கு இத்தனை தட்டு, இன்ன ஸ்கேல், இன்ன மனநிலை என்று மூன்று விடைகள் வந்துவிடும். மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதால் மூன்றையும் ஒன்றுபோல் நம்பத் தோன்றுகிறது. ஆனால் மூன்றுமே ஊகங்கள். அந்த ஊகங்கள் எங்கே வலுவாக நிற்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதற்கு பேத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவின் முதல் பகுதியைவிட நல்ல சோதனை கிடைக்காது.

பியானோவில் சுத்தியல் கம்பியை அடித்தவுடன் ஒலி சட்டென்று எழும்பி, பிறகு மெல்லத் தேயும். வயலினைப் போல ஒரு சுரம் அடுத்ததோடு இழைந்து தொடங்குவதில்லை. அதனால் ஒவ்வொரு சுரமும் எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிப்பது எளிது. ஒலியைச் சில பத்து மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கி, முந்தைய துண்டைவிட ஆற்றல் எங்கே திடீரென்று கூடுகிறது என்று பார்த்தால் போதும். அப்படிக் கிடைத்த வரைபடத்தை அதன்மேலேயே வைத்துச் சற்றுச் சற்றாக நகர்த்த வேண்டும். எந்த இடைவெளியில் முகடுகள் அதிகமாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றனவோ, அதுதான் தாளத்தின் இடைவெளி.

தொல்லை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மூன்லைட்டில் சுரங்கள் மும்மூன்றாக இடைவிடாமல் ஓடுகின்றன. கலைஞர் நிமிடத்துக்கு 54 தட்டு என்று வாசித்தால், அந்தச் சிறு சுரங்கள் நிமிடத்துக்கு 162 முறை விழும். பேத்தோவன் குறித்த தாள அமைப்புப்படி இரண்டு தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் வேகம் 27. மூன்றும் சீராகத் திரும்ப வருபவை, மூன்றும் கணக்குப்படி சரி. எது உண்மையான நடை என்பதைக் கேட்பவர் இடக்கையின் ஆழ்ந்த சுரங்களையும் மேலே மிதக்கும் மெட்டையும் வைத்து உணர்ந்துகொள்கிறார். பல மென்பொருள்களோ 120-ஐ ஒட்டிய வேகங்களின் பக்கம் சாயுமாறு எழுதப்பட்டவை. ஆகவே இந்த அமைதியான இசைக்கு 162 என்ற விடை வந்தால் வியப்பில்லை.

சோப்பானின் நாக்டர்ன்கள் எனப்படும் இரவுநேரச் சாயல் கொண்ட பியானோ துண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். ஓரிடத்தில் தயங்கி, இன்னோரிடத்தில் விரைந்து, தொடரின் முடிவில் தளர்ந்து வாசிக்கும் ருபாட்டோதான் அங்கே உயிர். சராசரியாகக் கிடைக்கும் எண் அந்தப் பதிவின் எந்த வரியிலும் ஒலிக்காமலே போகலாம். இத்தகைய இசைக்கு ஒற்றை எண் தருவது அநீதி என்றே நினைக்கிறேன். தட்டுக்குத் தட்டு இடைவெளியை அளந்து வளைகோடாக வரைந்தால், கலைஞர் மூச்சு விடும் இடங்கள் கண்ணுக்குத் தெரியும். மொத்த நேரத்தை வைத்து வேகத்தை ஒப்பிடுவதும் ஆபத்து. பாக் இயற்றிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' இசையைப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் வாசித்த 1955 பதிவு சுமார் 38 நிமிடம், 1981 பதிவு சுமார் 51 நிமிடம். இரண்டாவதில் அவர் சில பகுதிகளைத் திரும்பவும் வாசித்ததால் நீண்ட நேரமும் அந்த வித்தியாசத்தில் அடக்கம்.

ஸ்கேலைக் கண்டுபிடிக்க, 88 கட்டைகளின் ஒலியும் 12 சுரங்களாக மடிக்கப்படுகிறது. எந்தச் சுரம் எவ்வளவு ஒலித்தது என்ற கணக்கை 24 மேஜர், மைனர் ஸ்கேல்களின் (12 சுரங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் தொடங்கும் இரு வகை) மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். அந்த மாதிரிகளில் புகழ்பெற்றவை 1982-இல் கரோல் கிரம்ஹான்ஸலும் எட்வர்ட் கெஸ்லரும் வெளியிட்டவை. ஒரு ஸ்கேலை உணர்த்திய பின் ஒவ்வொரு சுரமாக ஒலிக்கச் செய்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்பவர்களை மதிப்பிடச் சொல்லிப் பெற்றவை அவை.

மூன்லைட்டின் ஸ்கேல் சி ஷார்ப் மைனர். ஆனால் ஈ மேஜருக்கும் அதே ஏழு சுரங்கள்தான். தொடங்கிச் சில வரிகளிலேயே இசை ஈ மேஜருக்குப் போய்விடுவதால், அங்கிருந்து வெட்டிய சிறு துண்டு தவறான விடை தரலாம். கம்பியின் இயல்பும் குழப்புகிறது. தாழ்ந்த சி ஷார்ப் கம்பி அதிரும்போது, ஐந்து மடங்கு அதிர்வெண்ணில் எழும் மேற்சுரம் எஃப் கட்டையோடு ஏறக்குறையப் பொருந்துகிறது. அது மேஜரின் அடையாளச் சுரம். மைனர் இசைக்குள் அதைக் கம்பியே கொண்டுவந்து சேர்க்கிறது.

பழைய இசைத்தட்டுகளில் வேகமும் சுருதியும் பிணைந்தவை. தட்டு சுமார் 6 சதவீதம் வேகமாகச் சுழன்றால் சுருதி அரைச் சுரம் ஏறும். 54 என்பது 57 ஆகும், சி ஷார்ப் மைனர் டி மைனராகும். 1904-இல் வந்த வெல்டே-மின்யோன் போன்ற, துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு பியானோவைத் தானாக வாசிக்கவைக்கும் கருவிகளில் அப்படி நேராது. சுருளை வேகமாக ஓட்டினாலும் ஒலிப்பது உண்மையான பியானோ என்பதால் சுருதி அசையாது.

மனநிலையை இரண்டு அச்சுகளில் வைப்பது வழக்கம்: கிளர்ச்சி (உணர்வு எவ்வளவு துடிப்பானது), இனிமை (மகிழ்ச்சியா, துயரமா). உணர்வுகளுக்கான இந்த வரைபடத்தை 1980-இல் உளவியலாளர் ஜேம்ஸ் ரஸ்ஸல் முன்வைத்தார். கிளர்ச்சியை ஊகிப்பது ஓரளவு எளிது. கட்டையை ஓங்கி அடித்தால் ஒலி கூடுவதோடு மேற்சுரங்களும் பெருகி நாதம் கூர்மையாகும், இவை அளக்கக் கூடியவை. மகிழ்ச்சியா, துயரமா என்பதுதான் கடினம். உளவியலாளர் கேட் ஹெவ்னர் 1930-களில் ஒரே இசையை மேஜரிலும் மைனரிலும், விரைவாகவும் மெதுவாகவும் வாசிக்கச் செய்து, கேட்டவர்கள் தேர்ந்த சொற்களைத் தொகுத்தார். மைனர் துயரத்தின் பக்கம் சாய்ந்தது. வேகத்தின் செல்வாக்கு மிகவும் வலுவாக இருந்தது.

வேகத்தையும் ஸ்கேலையும் வைத்து மனநிலையைக் கணிக்கும் முறைகளில் முன்பு நேர்ந்த பிழைகள் இங்கே வந்து கூடுகின்றன. 162 தட்டு, ஈ மேஜர் என்ற இரண்டு பிழைகளையும் சேர்த்துக் கொடுத்தால், மூன்லைட்டுக்கு 'உற்சாகம்' என்ற பெயர்கூட வரலாம். கேட்டுப் பார்த்து வேகத்தைப் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ திருத்துவதும், இறுதியில் இடக்கை எந்தச் சுரத்தில் வந்து அமர்கிறது என்று கவனிப்பதும் இந்தப் பிழைகளில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும்.