கிரீஸுக்கு மண்ணெண்ணெய், உப்புக்கு வெந்நீர்

மோசின்-நாகான்ட் 91/30, இரண்டாம் உலகப்போரில் சோவியத் காலாட்படை சுமந்த ரைபிள். போர் முடிந்ததும் லட்சக்கணக்கானவற்றை காஸ்மோலின் என்ற பெட்ரோலிய கிரீஸில் தோய்த்துக் கிடங்கில் அடுக்கினார்கள். இப்படிக் கிடங்கிலிருந்து வந்த ரைபிளில் இரண்டு அழுக்குகள் இருக்கும். ஒன்று அந்த கிரீஸ். மற்றொன்று சுட்டபின் குழலில் தங்கும் உப்பு. ஒன்றை நீக்கும் மருந்து மற்றதற்கு வேலை செய்யாது. குழல் பாழாவது பெரும்பாலும் இதைக் குழப்பிக்கொள்வதால்தான்.

முதலில் தோட்டா அறையும் மேகஸினும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். விசையை அழுத்தியபடி, தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் கையோடு வந்துவிடும். முன்னாலிருக்கும் துடைப்புக் கம்பியைத் திருகி எடுங்கள். குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டைகளின் ஸ்பிரிங்குகளை அமுக்கிப் பட்டைகளை நழுவவிடுங்கள். பிறகு இரண்டு திருகுகள்: போல்ட் ஓடும் இடத்துக்குப் பின்னால் மேலே ஒன்று, மேகஸினுக்கு முன்னால் கீழே ஒன்று. இவற்றைக் கழற்றினால் இரும்பும் மரமும் பிரியும். திருப்புளி பள்ளத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் திருகின் தலை சிதையும்.

காஸ்மோலினில் இருந்த ஆவியாகும் பகுதி பல பத்தாண்டுகளில் போய்விட, மிஞ்சியது மெழுகு. சுமார் 50 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். இரும்புப் பாகங்களை வெந்நீரில் போட்டாலே பெரும்பகுதி கழன்று மிதக்கும். மீதிக்கு மண்ணெண்ணெய், காற்றோட்டமான, நெருப்பில்லாத இடத்தில். மரத்தைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் வைத்து, கசிவதைத் துடைத்துக்கொண்டே இருங்கள். அதன்மேல் ஆல்கஹால் படக்கூடாது. சோவியத் கட்டைகளுக்குப் பூசியது அரக்கு. ஆல்கஹாலில் அது கரைந்துபோகும்.

தோட்டா அறையைத்தான் பலர் மேலோட்டமாக விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒட்டிய கிரீஸ், சில தோட்டாக்கள் சுட்டுக் குழல் சூடானதும் பிசினாகி, சுட்ட தோட்டாவின் வெற்று உறையைப் பிடித்துக்கொள்ளும். போல்ட் திறக்க மறுக்கும். வெண்கலத் தூரிகையால் பளபளக்கும் வரை தேய்க்க வேண்டியதுதான்.

அடுத்தது உப்பு. பழைய சோவியத் தோட்டாவின் ப்ரைமரில், அதாவது ஊசி தட்டியதும் தீப்பற்றும் அடிப்பகுதியில், பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்ததும் ஆக்சிஜன் பிரிந்து பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். சமையல் உப்பின் உறவினர். காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். எண்ணெயில் கரையாது; எண்ணெய் பூசினால் உப்பின்மேல் ஒரு போர்வைதான் விழும். தண்ணீரிலோ 20 டிகிரியிலேயே 100 கிராமுக்குச் சுமார் 34 கிராம் கரையும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியாத் திரவத்தைச் சிலர் சொல்வார்கள். அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான். சுட்ட அன்றே கொதிநீரைப் புனலால் குழலில் ஊற்றுங்கள்; போல்ட்டின் முகத்தையும் கழுவுங்கள். சூட்டில் உலோகம் தானே காயும். எண்ணெய் அதன்பிறகு.

துடைப்புக் கம்பியைப் பின்பக்கமாகவே நுழையுங்கள். முனைவழியாக எஃகுக் கம்பி உரசி உரசித்தான் பல ரைபிள்களின் வாய் அகன்றது. தேய்ந்த பகுதியைப் பெரிதாகத் துளைத்து ஒதுக்கியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

போல்ட்டைப் பிரித்தால் சுடும் ஊசியின் நீட்டத்தைச் சரிபார்க்காமல் மாட்டாதீர்கள். ரைபிளோடு வந்த கருவியில் 75, 95 என இரு வெட்டுகள் இருக்கும்; அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அலகு. 75-இல் ஊசி முனை உரச வேண்டும், 95-இல் தொடக்கூடாது, அதாவது 1.9 முதல் 2.4 மில்லிமீட்டர். குறைந்தால் தோட்டா வெடிக்காது. கூடினால் ப்ரைமர் ஓட்டையாகி, சூடான வாயு பின்னால் பீறிடும்.